அமெரிக்காவில் எனக்கு ஒரு நண்பர்

1

போன சனிக்கிழமை இஷொய் கடைத்தொகுதியில் முந்திரிகை வற்றல், அதாவது காய்ந்த திராட்சை, வாங்கப் போய் அகப்பட்டுக்கொண்டேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு முதலில் இந்த நட்சத்திர விவகாரத்தைச் சொல்லவேண்டும். அமெரிக்க ஜனாதிபதி கிரீன்லாந்து தனக்கு வேண்டும் என்று கேட்கத் தொடங்கியதிலிருந்து டென்மார்க் சனங்களுக்கு ரோசம் வந்துவிட்டது. கிரீன்லாந்து எங்கள் இராச்சியத்தின் பகுதி. ‘எங்கள்’ என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது; ஆனால் கடவுச்சீட்டு அப்படித்தான் சொல்கிறது. அமெரிக்காவோடு சண்டை பிடிக்க வழியில்லாததால் சனங்கள் அமெரிக்கச் சாமான்களை வாங்காமல் விட்டார்கள். சில கடைகள் ஐரோப்பியப் பொருட்களின் விலைச்சீட்டில் சின்னதாக ஒரு கறுப்பு நட்சத்திரம் போட்டு உதவி செய்தன. நட்சத்திரம் இருந்தால் நம்பி எடுக்கலாம். இல்லாவிட்டால் பெட்டியைத் திருப்பிப் பார்க்கவேண்டும்.

என் கூடையில் இருந்த வற்றலுக்கு நட்சத்திரம் இல்லை. கலிபோர்னியா என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பின்னால் வந்து நின்றவள் கியர்ஸ்டன்.

ஹ்விடோவ்ரேயில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தின் சமையலறையில் அவளும் நானும் பத்தொன்பது வருடமாக ஒன்றாக வேலை செய்கிறோம். நல்ல மனுசி. இப்போது தக்காளிச் சோஸ் சாப்பிடுவதில்லை. அமெரிக்கக் கோலாவை விட்டுவிட்டு, இருமல் மருந்து போலிருக்கும் ஏதோ ஒரு உள்ளூர்க் கோலாவைத் தேசத்துக்காகக் குடிக்கிறாள்.

“அது அமெரிக்காவிலிருந்து வருவது, கவனித்தாயா?” என்று மெதுவாகச் சொன்னாள். காற்சட்டை சிப் திறந்திருக்கிறது என்று சொல்கிறவர்களின் குரல்.

“தெரியும். என் அண்ணனுக்கு. அவருக்கு இதுதான் விருப்பம்” என்றேன்.

“உனக்கு அண்ணன் இருக்கிறாரா?”

“இருந்தார். அமெரிக்காவில். செத்து வருகிற கிழமை ஒரு வருடம்.”

கியர்ஸ்டன் தன் கூடையைக் கீழே வைத்தாள். போன வருடம் நான் அவசர விடுமுறை கேட்டது அவளுக்கு நினைவிருந்தது. என் இடத்தில் நின்று இரண்டு கிழமை வேலை செய்தவளே அவள்தான். “ஆனால் நீ ஒரு நண்பருக்குச் சுகமில்லை என்று சொல்லித்தானே போனாய்?” என்று கேட்டாள்.

ஓம், அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை வற்றல் பெட்டியோடு நின்று டெனிஷ் பாஷையில் விளக்க முடியவில்லை. அதனால் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

2

அண்ணைக்கு இரண்டு பெயர். இரண்டில் ஒன்றையும் இங்கே எழுதப்போவதில்லை. காரணம் போகப்போகத் தெரியும்.

ஒன்று அம்மாவும் அப்பாவும் வைத்தது. மற்றது ஏஜென்சிக்காரன் கொடுத்தது. இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: அந்தப் போர்க்காலத்தில் இலங்கையை விட்டு ஓடினவர்களில் கனபேர் ‘தலைமாத்தி’ப் போனவர்கள். யாரோ ஒருவருடைய கடவுச்சீட்டு. அதில் அவருடைய படத்தைக் கழற்றிவிட்டு நம்முடையதை ஒட்டுவார்கள். பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர் எல்லாம் அந்த மனிதருடையது. தலை மட்டும் நம்முடையது. போய் இறங்கியதும் உண்மைப் பெயரைச் சொல்லி அகதி விண்ணப்பம் போடவேண்டும். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்தார்கள்.

அண்ணை செய்யவில்லை. இறங்கிய இடத்தில் யாரோ, “கொண்டுவந்த பேரை மாத்தாதை, மாத்தினால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்” என்று சொல்லியிருக்கிறார்கள். இருபத்திநாலு வயது. பயம். கடவுச்சீட்டில் இருந்த பெயரோடேயே நின்றுவிட்டார். அது ஒரு கத்தோலிக்கப் பெயர். நல்லூர்த் தேருக்கு வருடம் தவறாமல் வடம் பிடித்த மனிதர், நியூ ஜெர்சியில் ஒரு புனிதரின் பெயரோடு முப்பத்தைந்து வருடம் வாழ்ந்தார். விண்ணப்பத்தில் சகோதரர்கள் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதியதாக என்னிடம் ஒருமுறை சொன்னார். “அந்தப் பேருக்குச் சகோதரம் இருக்கோ எண்டு எனக்கென்னெண்டு தெரியும்?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

இரண்டு வருடம் பிந்தி நான் டென்மார்க்குக்கு வந்தேன், என்னுடைய பெயரிலேயே. அதனால் காகிதத்தின்படி அவரும் நானும் யாரோ எவரோ. அந்தக் கடவுச்சீட்டுப் பெயரில்தான் அவர் அண்ணியை அமெரிக்காவுக்குக் கூப்பிட்டார். அண்ணியின் அமெரிக்கக் குடியுரிமை அந்தப் பெயரில்தான் தொங்குகிறது. ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். எழுத்தில் மட்டும் எங்கும் இல்லை.

3

ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே பின்னேரம் மூன்று மணிக்கு, அங்கே காலைக் கோப்பியோடு, அண்ணை கதைப்பார். மற்ற நாட்களில் குரல் பதிவுகள் அனுப்புவார். தட்டச்சு செய்வது அவருக்குப் பொல்லாத வேலை. நண்டுக் குழம்புக்கு எப்போது முருங்கையிலை போடுவது, முழங்கால் நோ, மருந்துக் களஞ்சியத்தில் தனக்குக் கீழே வேலை செய்யும் பெடியன் பிந்தி வந்த கதை, எல்லாம் குரல்தான். ஒருமுறை தொலைபேசியை அமத்தினது தெரியாமல் காற்சட்டைப் பைக்குள் போட்டுவிட்டார். நாலு நிமிடம் மழைச் சத்தமும் அவர் எதையோ முணுமுணுக்கும் சத்தமும் வந்தது.

அரசியல் மெல்ல மெல்லத்தான் உள்ளே வந்தது. முதலில் வரி கூடிப்போச்சு என்றார். பிறகு எல்லையால் ஆட்கள் வந்து குவிகிறார்கள் என்றார். பிறகு ஒரு நாள் வீடியோவில் வந்தபோது தலையில் இப்போதைய ஜனாதிபதியின் ஆதரவாளர்கள் போடும் சிவப்புத் தொப்பி இருந்தது.

“என்ன அண்ணை இது கோலம்?”

“ஏன், வடிவாயில்லையோ? தம்பி, இந்த மனுசன் ஒருத்தர்தான் ஒழுங்காய்க் கதைக்கிறார். உவங்கள் எல்லாம் களவாய் வந்தவங்கள். லைனிலை நிண்டு வரோணும்.”

“நீங்கள் எந்த லைனிலை நிண்டனீங்கள்?”

“நான் வந்தது வேறை.”

இந்த ‘வேறை’ என்ற சொல்லை நான் எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை. சண்டையில் தப்பி வந்ததால் வேறை. வேலை செய்து வரி கட்டியதால் வேறை. ஒரு நாளும் அரசாங்கத்திடம் உதவி எடுக்காததால் வேறை. அமெரிக்காவில் எல்லோரும் வேறை மாதிரி வந்தவர்கள்தான். கடைசியாக உள்ளே வந்தவன்தான் கதவைப் பலமாகச் சாத்துகிறான் என்று எனக்குத் தோன்றும். சொன்னால் கோபம் வரும். அப்படியும் சொல்வேன்.

நான் மட்டும் திறமோ என்று கேட்பீர்கள். இல்லை. எங்கள் அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது, வேறொரு போரிலிருந்து. படிக்கட்டில் பிள்ளைகளின் சைக்கிள்கள். நான் வீட்டு நிர்வாகத்துக்கு முறைப்பாடு எழுதினேன். எழுதி முடித்துவிட்டு என் மனைவியிடம், “இவங்களுக்கு ஒரு ஒழுங்கும் தெரியாது” என்றேன். அந்த நேரம் அங்கே இருந்த மகள் ஆரணி டெனிஷில், “அப்பா, நீங்களும் தொப்பி போடலாமே” என்றாள். அவள் இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் டெனிஷில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் இதுதான் வழமை.

டென்மார்க்கும் தொப்பி போடாத நாடுதான், தலைக்குள் என்ன இருக்கிறது என்பது வேறு கதை. எனக்கு இந்த நாடு முதல் வருடங்களில் ஒவ்வொரு முறையும் தற்காலிக அனுமதியாகத்தான் தந்தது. கொம்யூன் என்கிற நகரசபைக் கந்தோரில் இலக்கச் சீட்டு எடுத்துக்கொண்டு இருந்த காலத்தில் அண்ணைதான், “பொறு தம்பி, எல்லாம் சரிவரும்” என்று சொல்வார். அவர் அப்போது எல்லா அகதிக்காகவும் கதைத்தவர். மனிதர் எந்த ஞாயிற்றுக்கிழமை மாறினார் என்று எனக்குப் பிடிபடவில்லை.

4

கிரீன்லாந்துக் கதை வந்தபோது அண்ணைக்குக் கொண்டாட்டம். இங்கே வேலையிடத்தில் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார்கள். மதிய இடைவேளையில் கறுத்தப் பாணைக் கடித்தபடி, “நட்பு நாடு என்று நம்பியிருந்தோமே” என்று கியர்ஸ்டன் உண்மையாகவே கண்கலங்கினாள். நம்பியிருந்த நாடு ஒரு நாள் திரும்பி நின்று முறைப்பது எப்படி இருக்கும் என்பது எனக்குப் பழைய பாடம். ஆனாலும் அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அன்று வேலை முடிந்து எஸ்-ரயிலில் வந்துகொண்டிருந்தபோது எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் அண்ணையின் குரல் பதிவு வந்தது. அந்தக் குழுவில் கனடா, லண்டன், ஊர் என்று இருபத்தாறு பேர்; பெயருக்கு ஆரணியும் அதில் ஒருத்தி. அரசாங்கத்துக்கும் பிள்ளைகளுக்கும் விளங்காது என்று நினைத்து எல்லோரும் எதையும் கதைக்கிற இடம்.

“தம்பி, எப்பிடி? உங்கட கிரீன்லாந்தை நாங்கள் எடுக்கப்போறம். எடுத்துப்போட்டு டென்மார்க்கையும் சேர்த்து வாங்கிப்போடுவம். உங்களிட்டை ஆமி இருக்கோ, இல்லாட்டில் சைக்கிளிலை வருவினமோ? இனி அங்கையும் எங்கட சட்டம்தான். களவாய் வந்தவங்கள் எல்லாம் வெளியிலை...”

அவ்வளவும் கேட்டேன். மிச்சத்தைக் கேட்கவில்லை. அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டேன். பத்து மணித்தியாலம் நின்று வேலை செய்த கால், கியர்ஸ்டனின் கண், ‘களவாய் வந்தவங்கள்’ என்ற சொல், எல்லாம் சேர்ந்து தலைக்கேறிவிட்டது. ரயிலுக்குள் இருந்துகொண்டே அதே குழுவில் பதில் பதிந்தேன்.

“களவாய் வந்தவனை வெளியிலை விடுறதெண்டால் முதல் உங்களைத்தான் விடோணும். ஆற்றை பேரிலை போனனீங்கள், உண்மைப் பேர் என்ன எண்டு நான் சொல்லவோ?” என்று தொடங்கி, இரண்டு பெயரையும் முழுசாகச் சொன்னேன். ஊர்ப் பெயரையும் சேர்த்தேன்.

இருபத்தாறு பேரில் கனபேர் கேட்டிருப்பார்கள். அரை மணித்தியாலத்தில் அண்ணை தட்டச்சு செய்து ஒரு வரி அனுப்பினார். அவர் தட்டச்சு செய்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ‘ஏன்டா தம்பி இப்பிடிச் செய்தனீ’ என்று இருந்தது. அடுத்த நிமிடம் அதை அழித்துவிட்டுக் குழுவைவிட்டு விலகிவிட்டார். நானும் என் பதிவை அழித்தேன். அழித்தால் கேட்டவர்களின் காதிலிருந்து போய்விடுமா?

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி வந்தது. தொலைபேசி அடிக்கவில்லை. நான் எடுக்கலாம். மூத்தவர் எடுக்கட்டும் என்று இருந்தேன். பிழை விட்டவன் நான், ரோசமும் எனக்குத்தான். இப்படியே மூன்று மாதம் போனது.

5

அண்ணி எடுத்தபோது நான் சமையலறையில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தேன். முற்பகல் பதினொரு மணி.

“தம்பி, கொண்ணைக்கு ஏலாமல் ஆஸ்பத்திரியிலை. மூளைக்குள்ள ரத்தம் கட்டிப்போச்சாம். ஆளைத் தெரியுது. கதைக்கிறார் இல்லை.”

கதைக்கிறார் இல்லை என்றால் களைத்துப்போய்க் கிடக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வருவேன் என்றேன். அண்ணி எங்கோ ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, “வாங்கோ. ஆனால் வடிவாய் யோசிச்சு வாங்கோ. இஞ்சை இப்ப பழைய பேப்பரெல்லாம் கிண்டுறாங்களாம். போனைப் பாக்கிறாங்களாம். எனக்குப் பயமாய்க் கிடக்கு” என்றாள்.

அமெரிக்காவுக்குப் போக இணையத்தில் ஒரு அனுமதிப் படிவம் நிரப்பவேண்டும். தகப்பன் பெயர், தாய் பெயர், அங்கே தெரிந்த ஆள் யார். அண்ணையின் காகிதப் பெயரை எழுதினேன். யாரும் கேட்டால் நண்பர். அதை அப்போதே முடிவு செய்துவிட்டேன். பொய் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதற்காகக் கியர்ஸ்டனிடமும் அதையே சொன்னேன்.

அடுத்தது தொலைபேசி. சோதனைச் சாவடிகளில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பயணம் போகுமுன் பையைக் கவிழ்த்துக் கொட்டி, பிடிபடக்கூடியதை எல்லாம் எரித்துவிடுவோம். கடிதம், படம், ஒரு துண்டுக் காகிதம், எதுவும் மிஞ்சக்கூடாது. ஊரில் அம்மா எங்கள் பள்ளிக்கூடக் குழுப்படத்தையே அடுப்பில் போட்டவ. அந்தப் பழக்கம் நாடு மாறியும் போகவில்லை. அண்ணையின் குரல் பதிவுகளில் அம்மாவின் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, ‘உன்ர கொண்ணன்’ என்று இருந்தது. பதினொரு வருடப் பதிவுகள். முழுவதையும் தெரிவு செய்தேன். அழிக்கவா என்று தொலைபேசி கேட்டது. ஓம் என்று அமத்தினேன். உறுதியா என்று மறுபடி கேட்டது. அதற்கும் ஓம். குடும்பக் குழுவிலிருந்தும் வெளியேறி, அதையும் அடியோடு துடைத்தேன். நண்டுக் குழம்பு, முழங்கால் நோ, மழைச் சத்தம், எல்லாம் போனது. எங்கேயாவது ஒரு பிரதி எடுத்து வைக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஆரணி கூட இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

விமானநிலையத்தில் குடிவரவு அதிகாரி இளைஞன்.

“யாரைப் பார்க்க வருகிறீர்கள்?”

“நண்பர் ஒருவர். கடும் சுகமில்லை.”

“எவ்வளவு காலம் பழக்கம்?”

“சின்ன வயதிலிருந்து.”

“நீங்கள் நல்ல நண்பர்” என்று சொல்லி முத்திரை குத்தினான். என் தொலைபேசியை அவன் தொடக்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் அண்ணை கண் திறந்திருந்தார். முகத்தின் வலப்பக்கம் கீழே இறங்கி, பேச்சு அடியோடு போயிருந்தது. என்னைக் கண்டதும் இடக்கை எழும்பியது. நான் அந்தக் கையைப் பிடித்தேன். அப்போது தாதி சில்லு வைத்த கணினியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவளும் எங்கிருந்தோ வந்து குடியேறியவள்தான், பேச்சில் தெரிந்தது. “நீங்கள் நோயாளிக்கு என்ன உறவு?” என்று கேட்டுவிட்டு விரலை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அண்ணி என்னைப் பார்த்தாள். அண்ணையும் பார்த்தார்.

“நண்பர்” என்றேன்.

ஆங்கிலத்தில்தான் சொன்னேன். ஆனால் அந்த மனிதர் முப்பத்தைந்து வருடம் அமெரிக்காவில் இருந்தவர். விளங்கியது. முகத்தின் இடப்பக்கம் கொஞ்சம் அசைந்தது. அது சிரிப்பா, வேறு ஏதாவதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சிரிப்பு என்றுதான் அண்ணி சொல்கிறாள். அவளுக்கு என்மேல் இரக்கம்.

குடும்பத்தவர்கள் எந்த நேரமும் இருக்கலாம், நண்பர்களுக்கு நாளுக்கு அரை மணித்தியாலம் என்று தாதி அன்போடு சொன்னாள். கணினியில் எழுதியாயிற்று, இனி மாற்றிச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். நாலு நாள், நாலு அரை மணித்தியாலம். முதல் நாள் காதுக்குள் குனிந்து, “அண்ணை, நான் தம்பி” என்று மெல்லச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். ஆனால் யாராவது உள்ளே வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தார்கள். டென்மார்க்கில் இன்னும் குளிர் விடவில்லை என்றும் உங்களுக்கு வெயில் நல்லாயிருக்கிறது என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் காலை, பார்வை நேரம் தொடங்க முதல், அவர் போய்விட்டார்.

6

இறுதிச்சடங்கு மண்டபத்தில் காகிதப் பெயரைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். பெயரைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே நிகழ்ச்சித் தாளில் ஒரு சிலுவையும் அச்சடித்திருந்தார்கள். அண்ணியும் அங்கே பிறந்த அவர்களுடைய மகனும் அந்தத் தாளோடு முன்வரிசையில் இருந்தார்கள். நான் குனிந்து நெற்றியில் திருநீறு பூசினேன். கொஞ்சம் கண்ணிமையிலும் கொட்டுண்டு போனது.

பக்கத்து வீட்டுக்காரர் வந்திருந்தார், வெள்ளைக்காரர், எழுபது வயதிருக்கும். அவர் வீட்டுப் புல்வெளியில் வெளிநாட்டவர்களைத் திருப்பி அனுப்பு என்ற பலகை நட்டிருந்ததை நான் வந்த அன்றே பார்த்திருந்தேன். அந்த மனிதர் ஒரு தட்டு நிறையச் சாப்பாடு கொண்டுவந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். என் கையைப் பிடித்து, “இவரைப் போல ஒரு அமெரிக்கர் இனி இல்லை. நீங்கள் அவருடைய நண்பர் என்று கேள்விப்பட்டேன்” என்றார். அவருடைய அழுகை பொய்யில்லை. பலகையும் பொய்யில்லை. அமெரிக்காவைப் பற்றி இங்கே எத்தனையோ பேர் விளக்கம் சொல்கிறார்கள், எனக்கு அதற்குமேல் எதுவும் விளங்கவில்லை.

எங்கள் ஆட்களில் ஒருவர் செத்தால் மரண அறிவித்தல் போடுவோம். பிறந்த ஊர், வாழ்ந்த நாடு, பெற்றோர் பெயர், ‘அன்னாரின் அன்புச் சகோதரர்’ என்று நாடு வாரியாகப் பட்டியல். அதில் பெயர் வராத உறவினர் பத்து வருடம் கோபித்துக்கொள்வார். அண்ணைக்கு அறிவித்தல் இல்லை. உண்மைப் பெயரைப் போட்டால் படத்தை வைத்து யாராவது சேர்த்துப் பார்ப்பார்கள். காகிதப் பெயரைப் போட்டால் ஊரில் ஒருவருக்கும் செத்தது யாரென்று தெரியாது.

“வேண்டாம் தம்பி. அவர் போயிட்டார். நான் இஞ்சை இருக்கோணும்” என்றாள் அண்ணி. அவள் கேட்டதில் என்ன பிழை?

அண்ணை வீட்டுக் கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் அந்தச் சிவப்புத் தொப்பி தொங்கியது. எடுத்து மணந்து பார்த்தேன். அண்ணையின் தலையெண்ணெய் மணம். அந்தத் தொப்பியை மூன்று மாதம் வெறுத்தவன் அதை முகத்தில் வைத்துக்கொண்டு கழிப்பறையில் நின்று அழுதேன்.

7

திவசம் மகன்தான் செய்யவேண்டும். அங்கே அண்ணையின் மகனுக்கு, என் பெறாமகனுக்கு, இந்தச் சடங்கு ஒன்றும் தெரியாது. ஆகவே இந்தப் புதன்கிழமை என் வீட்டில் நான் செய்தேன். ஐயர் கோயிலிலிருந்து வந்தார். புகை எச்சரிக்கைக் கருவியைத் துவாயால் கட்டினோம். பலகணியில் பறவைகளுக்கு உணவு வைக்கக்கூடாது என்று வீட்டு நிர்வாகம் எழுதி ஒட்டியிருக்கிறது. முறைப்பாடு எழுதிப் பழகிய நானே அதை மீறிக் காகத்துக்குச் சோறு வைத்தேன். கலிபோர்னியா வற்றலையும் வைத்தேன். ஆரணி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். நான் அவளைக் கேட்கவில்லை, தானாக வந்தாள்.

“இறந்தவரின்ரை பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ” என்றார் ஐயர்.

என் கண் யன்னலுக்குப் போனது. மூன்றாம் மாடி. வெளியே கார் தரிப்பிடமும் மழையும்தான். ஆனாலும் குரல் தானாக இறங்கிவிட்டது.

“கேக்கேல்லை. கொஞ்சம் பிலத்துச் சொல்லுங்கோ” என்றார் ஐயர்.

சொன்னேன். அம்மா வைத்த பெயரை, முழுசாக, கீழ்வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னேன். ஐயர் அதை மந்திரத்துக்குள் சேர்த்து மூன்று முறை திருப்பிச் சொன்னார். ஒரு வருடத்தில் அண்ணையின் பெயரை இன்னொரு வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் முறை.

எல்லாம் முடிந்து ஐயர் போனபிறகு ஆரணி என் பக்கத்தில் வந்து நிலத்தில் இருந்தாள். “அது யாருடைய பெயர்?” என்று டெனிஷில் கேட்டாள். அவளுக்கு அவர் அமெரிக்காப் பெரியப்பா. மற்றப் பெயர் கடிதங்களில் பார்த்தது. இந்தப் பெயரை நான் அவளுக்குச் சொன்னதேயில்லை. அவள் அந்தக் குழுவிலும் அவ்வப்போதுதான் எட்டிப் பார்ப்பாள். ரயிலில் நான் பேசி, பிறகு அழித்துவிட்ட பதிவை அவள் கேட்டிருக்கவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். தலைமாத்தின கதை, ரயிலில் நான் பேசியது, நண்பர் என்று சொன்னது. கடைசியாக, மனைவியைத் தவிர யாருக்கும் சொல்லாததையும் சொன்னேன்: அண்ணையின் குரல் ஒன்றுகூட என்னிடம் இல்லை, நான்தான் அழித்தேன்.

“நை, அப்பா” என்று டெனிஷில் மறுத்தாள். பிறகு தமிழில், தட்டித் தடவி, “என்னட்டை இருக்கு” என்றாள்.

கிரீன்லாந்துப் பதிவு. டெனிஷ் சிநேகிதர்களுக்குக் காட்டிச் சிரிக்க அவள் அப்போதே அதை இறக்கி வைத்திருந்தாளாம். எனக்குத் தெரிந்தால் ஏசுவேன் என்று சொல்லவில்லையாம். தொலைபேசியை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்து அமத்தினாள்.

“தம்பி, எப்பிடி?” என்றார் அண்ணை. கிரீன்லாந்து வந்தது, சைக்கிள் ஆமி வந்தது. களவாய் வந்தவங்கள் எல்லாம் வெளியிலை என்ற இடம் வந்தது. நான் ரயிலில் நிறுத்திய இடம் அது. அதற்குப் பிறகும் பதிவு ஓடியது. பெரிதாக ஒரு சிரிப்பு. பிறகு ஒரு இருமல்.

“பகிடிக்குச் சொன்னனான், கோவியாதை. அப்பிடி ஏதும் நடந்தால் உன்னை நான் இஞ்சை கூப்பிடுவன். பேப்பர் கிடக்கட்டும், அதைப் பாத்துக்கொள்ளலாம். ஆர் வந்து கேட்டாலும் இவன் என்ர தம்பி, ஒரு வயித்திலை பிறந்தவன் எண்டு சொல்லுவன். சரியோ? வைக்கிறன்.”

அவ்வளவுதான். ஆரணி மறுபடி போடவா என்று கேட்டாள். அந்தத் தாதியின் கேள்விக்கு அண்ணை மூன்று மாதம் முதலே பதில் சொல்லி வைத்திருந்தார். நான்தான் கடைசி வரை கேட்கவில்லை.